கல்லூரிக்குப் புத்தகப்பை வாங்குவது எப்படி: தோட்டப்புறத்திலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிந்து கல்லூரிக் கடிதம் கைக்கு வந்ததும் வீட்டில் ஒரு பட்டியல் போடுவார்கள். பதிவுக் கட்டணம், மடிக்கணினி, இரண்டு ஜோடி காலணி, சட்டை. பை கடைசியில் வரும். மிச்சமிருக்கிற காசில், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், நிறம் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வருவோம். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள விலை உயர்ந்த பொருளை, அதாவது மடிக்கணினியை, தினமும் சுமக்கப் போவது அந்தப் பைதான். அதை முதலிலேயே யோசித்து வாங்குங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் எழுதுவது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து. தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டாரில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ ஈப்போ போய், வளாகத்துக்குள் நடந்து, மாடி ஏறி, சாயங்கால மழையில் திரும்பி வருகிறவர்கள். சிலர் முதலாம் எண் கூட்டரசு சாலை வழியாக ஈப்போ வரைக்கும் மோட்டாரிலேயே போகிறார்கள். பீடோர், தாப்பா, பெடோங், குளுவாங் என்று எந்தத் தோட்டத்து ஊராக இருந்தாலும் பாதை ஏறக்குறைய இதேதான். விடுதியில் தங்கி வகுப்புக்கு நடந்து போகிறவருக்கு இந்த வழிகாட்டியில் பாதி போதும்.

முதலில் சுமையை நிறுத்துப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு சாதாரண நாளில் எடுத்துப் போகிற அத்தனையையும் பாயில் பரப்புங்கள். சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள். தராசு இல்லையென்றால் மளிகைக் கடையில் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள்.

தாளின் எடையைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நாம் நகலெடுக்கும் ஏ4 தாள் பெரும்பாலும் 80 கிராம் வகை. ஒரு தாள் 5 கிராம். 200 தாள் சேர்ந்தால் ஒரு கிலோ. விரிவுரைக் குறிப்புகளை அச்செடுத்து, எல்லாப் பாடத்தையும் ஒரே பெரிய ஃபைலில் கோத்துச் சுமக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. சுமையில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம். மடிக்கணினி 1.7 கிலோ, சார்ஜர் 400 கிராம், பெரிய ஃபைல் 400 கிராம், அதற்குள் 200 தாள் ஒரு கிலோ, ஒரு பாடப்புத்தகம் 1.2 கிலோ, தண்ணீர் போத்தல் ஒரு கிலோ, மதியச் சாப்பாடு 600 கிராம், மழைக்கோட்டு 600 கிராம், வெறும் பை 800 கிராம். கூட்டினால் 7.7 கிலோ. உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை சுமக்கலாம் என்பது இயன்முறை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிற அளவு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்பிள்ளைக்கு மேல் வரம்பே ஏழரைக் கிலோதான். ஆக, இந்தச் சுமை வரம்பைத் தாண்டிவிட்டது.

அதே பிள்ளை பெரிய ஃபைலை வீட்டில் வைத்துவிட்டு, அன்றைய பாடத்துக்கான முப்பது தாளை மெல்லிய உறையில் போட்டு, போத்தலைப் பாதி மட்டும் நிரப்பி வளாகத்தில் மறுபடி பிடித்துக்கொண்டால் சுமை ஆறு கிலோவுக்கு இறங்கிவிடும். காசு செலவில்லை. ஒரு நல்ல பை செய்கிற வேலையில் பாதியை இந்த ஒரு மாற்றமே செய்துவிடுகிறது.

என்ன வகை, எவ்வளவு கொள்ளளவு

வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டு தோளிலும் மாட்டுகிற முதுகுப்பைதான். ஒரு தோளில் தொங்கவிடுகிற பை மோட்டாரில் வளைவுக்கு வளைவு முன்னால் நழுவி வந்து கைப்பிடியில் இடிக்கும். துணிப்பை அழகாக இருக்கும், ஆனால் மழைக்குத் தாங்காது. சக்கரம் வைத்த பையைச் செம்மண் பாதையிலும் மாடிப்படியிலும் நீங்கள்தான் தூக்க வேண்டி வரும்.

கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். தினமும் போய் வருகிறவருக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். வெள்ளிக்கிழமை துணிமணியோடு வீடு திரும்புகிற விடுதிப் பிள்ளைக்கு 30. அட்டையில் எண் போடவில்லையென்றால் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 45, 30, 15 என்றால் 20 லிட்டர். தேவைக்கு மேல் பெரிய பையாக வாங்காதீர்கள். இடம் இருந்தால் நாம் எதையாவது போட்டு அடைப்போம், பாதி காலியாக விட்டாலோ உள்ளே எல்லாம் ஆடும்.

கடைக்குப் போகும்போது உங்கள் மடிக்கணினியையும் ஃபைலையும் கையோடு எடுத்துப் போங்கள். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. இயந்திரம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம் இருக்கும். ‘15 அங்குல மடிக்கணினிக்கு’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும் மூலை சிக்கி ஸிப் மூடாத பைகள் நிறைய உண்டு. பெரிய ஃபைல் அதற்கு மேல். அதன் அகலம் மட்டுமே 29 சென்டிமீட்டர் பக்கம் வரும். எப்போதாவது அதைத் தூக்க வேண்டியிருந்தால் 30 சென்டிமீட்டர் அகலப் பையில் இறுக்கித்தான் நுழையும்.

மடிக்கணினி அறையின் அடியையும் சோதியுங்கள். கையை உள்ளே விட்டு அறையின் அடித்துணியைத் தொடுங்கள், இன்னொரு கையால் பையின் வெளி அடியைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அறை பையின் அடி வரைக்கும் இறங்கியிருந்தால், வகுப்பில் பையைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் விளிம்பு சிமெண்டுத் தரையில் இடிக்கும். இந்த ஒன்றுக்காகவே நான் சில பைகளை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தோள்பட்டியும் தையலும்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

பை பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை. தோள்பட்டி உடலோடு சேருகிற இடத்தில்தான் அறுகிறது. எங்கள் டவுனில் செருப்பும் பையும் தைக்கிற அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வருகிற பைகளைப் பார்த்தாலே இது புரியும். துணி புதிது போல இருக்கும். பட்டியின் மேல் மூலையில் மட்டும் நூல் பிரிந்து, உள்பக்கத்து நாடா வாயைத் திறந்துகொண்டு நிற்கும். துணியின் ஓரத்தில் ஒரே ஒரு வரி தையல், அதுவும் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி. துணி இழை இழையாகப் பிரிந்து நூலை விட்டுவிடுகிறது. “நூல் அறுந்தா தைச்சிடலாம், துணி விட்டுடுச்சுன்னா எதுல தைக்கிறது?” என்று அவர் கேட்பார்.

ஆகவே கடையில் பையின் வாயை முழுக்கத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். பட்டி சேருகிற இடத்தில் சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் இருந்தால் நல்லது. அல்லது அடுக்கடுக்காக நெருக்கிப் போட்ட சிறு கட்டைத் தையல் இருக்க வேண்டும். துணி ஓரங்கள் பிசிறாக நிற்காமல் நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு கையால் பையைப் பிடித்து, மறு கையால் பட்டியைச் சுண்டி இழுங்கள். தையல் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு விரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பட்டியின் கீழ்முனையையும் மறக்க வேண்டாம். அங்கே ஒரு முக்கோணத் துணித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் இழுவிசை பரவும், ஒரே புள்ளியில் சேராது.

பட்டியின் அகலம் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் தோளில் வெட்டும். பட்டிக்குள் இருக்கிற பஞ்சைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்து விடுங்கள். உடனே பழையபடி எழும்ப வேண்டும். விரல்கள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி அமுங்கினால் இரண்டு மாதத்தில் அது வெறும் நாடாதான். நேர்ப்பட்டியைவிட லேசாக வளைந்த பட்டி நல்லது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. கழுத்திலும் அக்குளிலும் உரசாது. மார்புக்குக் குறுக்கே கொக்கி போடுகிற சின்னப் பட்டி இருந்தால் மோட்டாரில் போகிறவர் அதை விடாதீர்கள். பட்டிகள் தோளைவிட்டு நழுவாது.

அப்புறம் உயரம். பையை மாட்டிப் பட்டியை இழுத்துச் சரிசெய்தால், பையின் அடி இடுப்பிலிருந்து நான்கு விரல்கடையைத் தாண்டிக் கீழே இறங்கக் கூடாது. குள்ளமான பிள்ளைக்கு அண்ணன் அளவுப் பை பொருந்தாது. கண்ணாடியில் பார்க்கத் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணியும், நம் ஊர்ப் புழுக்கத்தில் உரிகிற உள்பூச்சும்

அட்டையில் 600டி, 420டி என்று போட்டிருப்பார்கள். ‘டி’ என்பது டெனியர். 9000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் எடையோ அதுதான் அந்த எண். எண் கூடினால் இழை தடிமன். நைலான் அதே தடிமனில் பாலியஸ்டரைவிட உரசலுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் வெயில் அதைச் சீக்கிரம் பலவீனப்படுத்தும், தண்ணீரையும் கொஞ்சம் குடிக்கும். பாலியஸ்டர் வெயிலுக்குத் தாங்கும். நாள் முழுக்க மோட்டார் கூடையில் வெயிலில் காய்கிற பைக்கு 600 டெனியர் பாலியஸ்டர் போதும் என்பது என் கருத்து. பருத்திக் கேன்வாஸ் உறுதியான துணிதான். ஆனால் நனைந்தால் கனக்கும், காய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

துணியைவிட முக்கியம் அதன் உள்பக்கத்துப் பூச்சு. தண்ணீர் புகாமல் இருக்க பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தைப் பூசுகிறார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்தப் படலத்தின் மூலக்கூறுச் சங்கிலி மெல்ல மெல்ல அறுபடுகிறது. முதலில் ஒட்டும், பிறகு ஒரு புளித்த வாடை வரும், கடைசியில் வெள்ளைச் செதில்களாக உரிந்து புத்தகமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். குளிர்நாடுகளில் பல வருடம் தாங்குகிற பை நம் ஊரில் அலமாரிக்குள் மூடி வைத்த நிலையிலேயே கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம். பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு இங்கே செல்லாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் அது வேகமாகக் கெடுகிறது.

அதனால் கடையில் உள்பக்கத் துணியில் விரலை அழுத்தித் தேயுங்கள். பிசுபிசுப்போ, பொடியோ, வாடையோ இருந்தால் அது பல வருடம் கிடந்த சரக்கு. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அக்காவின் பழைய பையை எடுத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றாலும் இதே சோதனைதான். தோல் போலப் பளபளக்கும் செயற்கைத் தோல் பைகளுக்கும் இதே கதி. வெளிப்பக்கமே உரியும். கல்லூரிக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள்.

ஸிப்

ஸிப்பின் இழுப்பானைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கலாம். மூடிய நிலையில் பற்களின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் என்பதை அது காட்டுகிறது. முக்கிய அறைக்கு 8 அல்லது 10 நல்லது, முன்பக்கச் சின்ன அறைக்கு 5 போதும். ஒய்.கே.கே. என்ற எழுத்து 1934 இல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனத்துடையது. தரமான ஸிப்தான், ஆனால் அந்த எழுத்தைப் பொறித்த போலிகளும் சந்தையில் உண்டு. எழுத்தை நம்புவதைவிடக் கையை நம்புங்கள். பைக்குள் பொருளை அடைத்து, உப்பிய நிலையில் ஸிப்பை மூலை வளைவு வரைக்கும் ஒரு கையால் ஓட்டிப் பாருங்கள். வளைவில் சிக்கினால் காலை ஆறு மணி அவசரத்தில் நிச்சயம் சிக்கும்.

ஸிப் கெட்டுவிட்டது என்று பையைத் தூக்கி எறிகிறவர்களுக்கு ஒரு செய்தி. பெரும்பாலும் பற்கள் கெடுவதில்லை, இழுப்பான்தான் தேய்கிறது. செம்மண் தூசி அதற்குள் புகுந்து அரைத்து அரைத்து இடைவெளியைப் பெரிதாக்கிவிடும். பிறகு அது பற்களை அழுத்தாமல் சும்மா ஓடும். குறடால் இழுப்பானின் இரண்டு ஓரங்களையும் மிக மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் மறுபடி பிடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் தைக்கிற கடையில் இழுப்பானை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முழு ஸிப்பையும் மாற்றுவதைவிட மிகவும் மலிவு. இறுக்கமாக ஓடும் ஸிப்புக்கு மெழுகுவத்தியைப் பற்களின் மேல் தேய்த்தால் போதும். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும்.

மழைக்கு

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மழை கொட்டும். சரியாக வகுப்பு முடிந்து திரும்புகிற நேரம். வடக்கே தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்கிற ஊர் என்று பெயர் பெற்றது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆண்டு முழுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

‘நீர் எதிர்ப்பு’ என்று எழுதியிருந்தால் தூறலுக்குத் தாங்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். துணி தண்ணீரைத் தடுத்தாலும் தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையிலும், ஸிப்பின் பற்களுக்கு நடுவிலும் தண்ணீர் புகும். மோட்டாரில் எதிர்க்காற்றோடு மழை அடிக்கும்போது இன்னும் வேகமாகப் புகும்.

வெளியே மாட்டுகிற மழை உறை நல்லது, ஆனால் அது முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்து வழியாக இறங்குகிற தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போகும், மடிக்கணினி இருப்பதும் அந்தப் பக்கம்தான். அதனால் உள்ளேயும் ஒரு தடுப்பு வேண்டும். தடிமனான குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, பொருள்களை அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்து விடுங்கள். சில காசுதான் ஆகும், விலை உயர்ந்த பையைவிட நன்றாகக் காக்கும். மழை உறையைப் பொறுத்தவரை, வேகத்தில் காற்று அதைப் பிடுங்கிவிடும். பையோடு கட்டிக்கொள்ள நாடா உள்ள உறையாகப் பாருங்கள்.

பையின் மேல் போர்த்துகிற தளர்வான மழைப் போர்வை மோட்டாருக்கு ஆகாது. அதன் நுனி பறந்து சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கும். மேலும் கீழுமாக இரண்டு துண்டாக வரும் மழைக்கோட்டைப் போட்டு, அதன் மேல் பையை மாட்டுங்கள்.

மோட்டாரில் பை

மாலை ஏழரைக்கு மேல் தோட்டத்துப் பாதையில் விளக்கு கிடையாது. கறுப்புச் சட்டை, கறுப்புப் பை, கறுப்பு மழை உறை என்று போகிற பிள்ளையைப் பின்னால் வருகிற செம்பனை லாரி ஓட்டுநர் எப்படிப் பார்ப்பார்? ஒளி பிரதிபலிக்கும் பட்டை உள்ள பையாக வாங்குங்கள். இல்லையென்றால் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் அந்தப் பட்டையை வாங்கி, பையின் பின்பக்கத்தில் தைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் மழையில் கழன்றுவிடும். பின்னால் உட்கார்ந்து போகிறவரின் பை தாழத் தொங்கி பின்விளக்கை மறைக்கிறதா என்றும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கட்டும். பட்டியை இறுக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வளைவில் பை ஒரு பக்கம் இழுக்கும். மடிக்கணினியை முன் கூடையிலோ கொக்கியிலோ வைக்காதீர்கள், குழிகளில் அந்த அதிர்வு முழுக்க இயந்திரத்துக்குப் போகும். முதுகில் இருந்தால் உங்கள் உடலே பாதியை வாங்கிக்கொள்ளும். சார்ஜரைத் திரைக்கு எதிரே வைக்காமல் முன்பக்க அறையில் தனியாக வையுங்கள். அதன் மூலை அழுத்தித் திரையில் கோடு விழுவதுண்டு.

எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

பசார் மாலாம் பை எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய வியாபாரி விட்டால், அவை தேறினால், தாராளமாக வாங்கலாம். டவுன் கடையில் ஒரு வசதி, தவுக்கே (கடை முதலாளி) நம்மைத் தெரிந்தவர். தையல் விட்டால் திரும்பக் கொண்டுபோய்க் காட்டலாம். வாங்கும்போதே “பிரச்சினைன்னா மாத்திக் கொடுப்பீங்களா?” என்று கேட்டு, ரசீதில் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோன பொருள்களைப் பையில் அடைத்து கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இணையத்தில் வாங்குகிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டாம். பலர் பையைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். ‘ஆறு மாதம் ஆகிறது’ என்று எழுதிய கருத்துகளையும், வாங்கியவர்கள் போட்ட படத்தில் தையலையும் தேடுங்கள். சென்டிமீட்டர் அளவும் வெறும் பையின் எடையும் எழுதாத விற்பனையாளரை விட்டுவிடலாம். வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் அது பயணப் பை, கல்லூரிக்கு வேண்டாம்.

விலையைப் படிப்புக் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். டிப்ளோமாவுக்கு இரண்டரை, மூன்று வருடம் ஆகும். 40 வெள்ளி (ரிங்கிட்) பை ஆறு மாதத்தில் அறுந்தால், மூன்று வருடத்துக்கு ஆறு பை, 240 வெள்ளி. 120 வெள்ளிப் பை மூன்று வருடம் வந்தால் அது பாதி விலை. வீட்டில் இப்போது 40 வெள்ளிதான் இருக்கிறது என்றால் அதிலும் வழி உண்டு. துணியும் பூச்சும் நன்றாக உள்ள மலிவுப் பையை வாங்கி, முதல் நாளே தைக்கிற கடையில் கொடுத்து, நான்கு பட்டி மூலைகளையும் தடித்த நைலான் நூலால் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள். அறுந்த பிறகு தைப்பதைவிட இது பல மடங்கு உறுதி.

பராமரிப்பு

நனைந்த பையை அப்படியே மூலையில் போடாதீர்கள். எல்லா ஸிப்பையும் திறந்து, தலைகீழாக, நிழலில் காற்று படத் தொங்கவிடுங்கள். மாதம் ஒரு முறை செம்மண்ணைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஈரத்துணியால் ஸிப்பைத் துடையுங்கள். துவைப்பது என்றால் கையால், குளிர்ந்த தண்ணீரில், கொஞ்சம் சவர்க்காரம் போட்டு. துவைக்கும் இயந்திரமும் வெந்நீரும் உள்பூச்சை உரித்துவிடும்.

ஆணியில் மாட்டும்போது ஒரு தோள்பட்டியில் மாட்டாமல், மேலே உள்ள கைப்பிடியில் மாட்டுங்கள். பருவ விடுமுறையில் பையைக் காலி செய்து, மடிக்காமல், உள்ளே பழைய நாளிதழைச் சுருட்டி வைத்து, அலமாரிக்கு வெளியே தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்தத் தாளை மாற்றினால் ஈரம் உள்ளே தங்காது.